நாலாம் சில்லு

மாங்குளம் சந்தியிலிருந்து
ஒட்டுசுட்டான் றோட்டில் மூன்றாவது கராஜ்.
பலகையில் பெயர் இல்லை.
பெயின்ற் அடிக்கிறவன் தன் பலகைக்கு அடிக்க
எந்த நாளில் நேரம் கண்டான்?

நொத்தாரிசு அமிர்தரத்தினம்
லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த கார்
அவருடைய இடுப்பளவுதான்.
இரண்டே இரண்டு சீற். துணிக் கூரை.
ஐம்பது வருசத்துக்கு முன்னம் ஹற்றனில்
ஒரு தோட்டத்துரை ஓடினதாம்.
கடைசியாய் விசுவமடுவில்
மாட்டுக்கொட்டிலில் நின்றதாம்.
இடையில் நடந்ததுக்குப் பத்திரம் இல்லை.

"என்ஜின் கிடக்கட்டும்.
சில்லு நாலும் கண்ணாடி மாதிரி வேணும்.
பெயின்ற் வேண்டாம்.
உள்ளுக்கிருக்கிற அலுமினியம்
தன்ரை வாயாலை பேசவேணும்."

ரயரை உரித்தோம், நானும் யதுசனும்.
றிமூவர் பூச, பாம்புச்செட்டை போல
பெயின்ற் கிளம்பி வந்தது:
மேலே கறுப்பு,
அதற்குக் கீழே பஸ் சிவப்பு,
அதற்கும் கீழே யாரோ தும்புத்தடியால் இழுத்ததுபோல
கதவுப் பச்சை.
அடியில் சாம்பல். அதுதான் உலோகம்.

இருநூற்று நாற்பதாம் நம்பர் தாள்,
பிறகு நானூறு, எண்ணூறு,
ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம்.
சில்லுக்கு எட்டு ஆரக்கால்.
மெஷின் புகாத மூலைக்கு
சுண்டுவிரலில் தாளைச் சுற்றி அரை நாள்.
அலுமினியத்தின் குணம் இது:
அது வெளுக்க வெளுக்க
துணி கறுக்கும், நகம் கறுக்கும்,
சோற்றுக் கோப்பையின் விளிம்பும் கறுக்கும்.
மூன்றாம் நாள் யதுசன்
முதல் சில்லில் தன் முகம் கண்டு
மீசையைச் சரிபார்த்தான்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.

நாலாவதில் பச்சைக்குக் கீழே
சாம்பல் வரவில்லை. பிசின் வந்தது.
பிசினைச் சுரண்ட
கட்டைவிரல் அகலத்தில் ஓர் ஒட்டு.
வெல்டிங் சில்வெஸ்டர் தட்டிப் பார்த்தான்.
ரயரைப் பூட்டித் தண்ணீர்ப் பீப்பாவில் அமுக்கினோம்.
ஒரு குமிழி இல்லை.
"வேலை தெரிஞ்சவன் ஒட்டினது.
ஆனா சட்டி உருக்கின அலுமினியம்.
தேய்ச்சாலும் நிறம் சேராது."

தேய்த்தேன். சேரவில்லை.
கண்ணாடி நடுவே பாற்பல் மாதிரி
மங்கல் வெள்ளை.
எதனால் விழுந்த ஓட்டையென்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
யதுசன் கேட்டான்.
அவனுக்குப் பத்தொன்பது வயது.

கிளியர் அடிக்கவேண்டியது விடியமுன்.
முதல் பஸ் போனால் புழுதி எழும்பும்.
நிலத்தில் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி
மூச்சடக்கி அடித்தோம்.
ஒரு நுளம்பு மட்டும் இரண்டாம் சில்லில் இறங்கி
ஆறு காலையும் பரப்பி நிரந்தரமானது.
கிள்ளப் போன கையைத் தட்டினேன்.
கிள்ளினால் குழி விழும்.

நொத்தாரிசு வந்தார். சுற்றினார்.
மூன்றுக்குச் சிரித்தார்.
நாலாவதில் குந்தி, கண்ணாடியைக் கழற்றி,
திரும்பப் போட்டார்.
"இதை மட்டும் வெள்ளி அடிச்சு மறை."

"ஐயா, என்ரை காணி உறுதி நீங்கள் எழுதினது.
கிழக்கு றோட்டு,
வடக்கு செபமாலையின்ரை வளவு,
தெற்கு வாய்க்கால்.
மேற்குக்கு என்ன எழுதினீங்கள்?"

அவர் காரைப் பார்த்தார், றோட்டைப் பார்த்தார்.
"உரித்தாளர் அறியப்படாத காணி."

"அதுக்கும் கீழைதானே கையெழுத்து வைச்சீங்கள்."

கன நேரம் பேசவில்லை.
பிறகு, "இடப்பக்கம் பின்னுக்குப் பூட்டு" என்றார்.
ஓட்டுகிறவருக்கு அது தெரியாது.
றோட்டால் போகிறவர்களுக்கும்
ஒரே நேரத்தில் இரண்டு சில்லுதான்.
நாலையும் சேர்த்துப் பார்த்தது
நாங்கள் மட்டும், கழற்றிக் கிடந்தபோது.

சந்திக்கு முன்னால் றோட்டு வேலை.
அந்தக் கிரவலில் ஏறி இறங்கும்போதே
நாலும் ஒரே நிறம்.
மிச்சம் எட்டாயிரத்தை
வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்.
எழுதித் தரவில்லை.